தமிழில் அறுபத்தெட்டு

போன மாதம் கோயில் ஹாலில், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக்கில் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க ஹைஸ்கூல் ஆபீஸ்ல வொர்க் பண்ணீங்கல்ல? என் பொண்ணு கொயர், அதான் பாட்டு கிளாஸ், எடுக்கணும்கிறா. எடுத்தா ஜி.பி.ஏ. இறங்கிடும்னு எங்க தெருவுல எல்லாரும் சொல்றாங்க. ஏ வாங்கினாலும் இறங்குமாம். ஏ வாங்கி எப்படி ஆன்ட்டி இறங்கும்?"

அவள் பின்னால் நின்றவள் விடவில்லை. "நாங்க எட்டாவது சப்ஜெக்ட் ஒண்ணு சேர்த்துப் போட்டிருக்கோம் ஆன்ட்டி. கூடப் படிச்சா கூடத்தானே வரும்?"

"அவங்க பதில் சொல்லட்டும், நீ நடுவுல வராத."

"நான் எங்க வந்தேன்? வரிசை நகரலைன்னு சொன்னேன்."

நாலைந்து பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. "பாயசம் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி உள்ளே போனவள், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சமையலறையை விட்டு வரவில்லை. அதைக் கேள்விப்பட்ட தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், "பேச வேண்டாம், நம் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் நான். பெரிதாக எழுதத் தெரியாது. அந்த அலுவலகத்தில் பதினோரு ஆண்டு இருந்தபோது கண்டதை எழுதுகிறேன். இந்த ஜூனோடு வேலையை விட்டாயிற்று. இனி ஆசிரியர்கள் அவரவர் வகுப்பறைக் கம்ப்யூட்டரிலேயே மதிப்பெண்ணைப் போட்டுவிடுவார்களாம். எங்கள் கைக்கு எதுவும் வராது.

கொயர் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் சாதாரண வகுப்பு ஒன்றில் தொண்ணூறும் அதற்கு மேலும் வாங்கினால் ஏ, அதற்கு நான்கு புள்ளி. எண்பதுகளில் மூன்று, எழுபதுகளில் இரண்டு. எழுபதுக்குக் கீழே போனால் புள்ளியே கிடையாது. அந்த வகுப்பை முடித்ததாகவும் ஆகாது. ஹானர்ஸ் எனப்படும் கடினமான வகுப்பாக இருந்தால் ஒரு புள்ளி கூடுதல். ஒவ்வொரு அரையாண்டும் ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைத்த புள்ளிகளையெல்லாம் கூட்டி, எத்தனை பாடமோ அத்தனையால் வகுத்தால் வருவது ஜி.பி.ஏ. நம் ஊரில் ஐந்நூறுக்கு எத்தனை என்று கூட்டிப் பார்த்தே பழகிவிட்டோம். இங்கே கடைசியில் வகுத்துவிடுகிறார்கள். நாலரையில் நிற்கும் பெண் கொயரில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் நான்குதான் கிடைக்கும். நாலரைக்கு அது குறைவுதானே, சராசரி இறங்கும். எட்டாவது பாடமும் அப்படித்தான். புள்ளி கூடினால் வகுக்கும் எண்ணும் கூடும். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். உங்கள் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பிள்ளைகளைப் பாட வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கொயரால் இறங்குவது கொஞ்சம்தான். நான் பார்த்த இறக்கம் வேறு ஒன்று. அதைச் செய்தது என் கை.

டெக்சஸில், பிளானோவுக்குப் பக்கத்து ஊரில் இருந்தது அந்தப் பள்ளி. தொண்ணூறாம் ஆண்டு அங்கே தற்காலிகமாகச் சேர்ந்தேன். அரக்கோணத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. என் மகள் நித்யா அப்போது மூன்றாம் வகுப்பு. மூன்று மாதத்துக்கு என்று எடுத்தார்கள். அப்படியே வைத்துக்கொண்டார்கள். என் வேகத்தைப் பார்த்து அல்ல, நான் பேசாமல் வேலை செய்ததைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ரிஜிஸ்ட்ரார் மிஸஸ் டாட்ஸன். மாணவர்களின் மதிப்பெண், வருகை, சான்றிதழ் என்று எல்லாப் பதிவுக்கும் அவர்தான் பொறுப்பு. அறுபதை நெருங்கியவர்; நல்ல உயரம்; கிழக்கு டெக்சஸின் இழுத்துப் பேசும் ஆங்கிலம். நாம் 'கண்ணு' என்பது போல எல்லோரையும் 'ஹனி' என்பார். திட்டும்போதும் 'ஹனி'தான், அப்போது இன்னும் மெதுவாக வரும். எண்களைப் படிக்கும்போது உட்கார மாட்டார். எழுந்து நின்று, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடியை எடுத்து மாட்டி, ஓர் எஃகு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பார். சிக்ஸ்டி எய்ட் என்று அவர் வாயில் வராது. சிக்ஸ், எய்ட். சிக்ஸ்டியும் சிக்ஸ்டீனும் காதுக்கு ஒன்றுபோல் விழும் என்பதற்காக அந்த வழக்கம். நான் திரையைப் பார்த்து அதே இலக்கங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர் பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத தாள் கோப்புக்குப் போகாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான தாள்கள் இப்படிப் போகும்.

இரண்டாம் ஆண்டில் ஓர் ஆசிரியரின் தாளில் மை கலைந்திருந்தது. 69 என்று இருந்ததை, அந்தப் பையன் போன முறை 88 வாங்கியவன் ஆயிற்றே என்று நினைத்து 89 என்று போட்டுவிட்டேன். மறுநாள் மிஸஸ் டாட்ஸன் என்னைப் பழைய பதிவேடுகள் இருக்கும் இரும்பு அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"ஹனி, இதை யார் சொல்லி எண்பத்தொன்பது என்று போட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவன் நல்ல மாணவன் என்று எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிந்ததை நான் கேட்கவில்லை. தாளில் இருப்பதை எழுது. தாள் புரியாவிட்டால் என்னிடம் வா."

அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டார். 'தாளில் இருப்பதை எழுது' என்பதை அன்றிலிருந்து மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டேன். 'என்னிடம் வா' என்று அவர் சொன்ன அடுத்த பாதியை விட்டுவிட்டேன். கேள்வி கேட்கப் பயப்படுகிறவர்களுக்கு இப்படிப் பாதி விதி போதும்.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில், பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது, ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா சண்முகம் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். மகள் கோகிலா. அங்கே பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். இங்கே பதினொன்றில் சேர வேண்டும். மிஸஸ் டாட்ஸன் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பயத்தில் ஆங்கிலத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவர் முகத்திலும் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏனுங்க, நீங்க தமிழுங்களா? அப்பாடா! கோகிலா, ஆன்ட்டிகிட்டச் சொல்லு. இனிப் பயமில்ல" என்றார் சண்முகம்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்து கொண்டு வந்திருந்தார். மிஸஸ் டாட்ஸன் வழக்கம்போல் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரையை அதன்மேல் குத்தினார். மை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழுக்கியது.

"இதற்கு ஏன் மழைக்கோட்டு போட்டிருக்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கள் ஊரில் இது தொலைந்தால் வாழ்க்கையே போயிற்று" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

நகல் எடுத்து நகலில் முத்திரை குத்தினோம். தமிழ் 68, ஆங்கிலம் 71, கணக்கு 92, அறிவியல் 79, சமூக அறிவியல் 74. மொத்தம் 384. ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட்டும் ஏறக்குறைய அதே மாதிரி. நம் கணக்கில் முதல் வகுப்பு. பெருமையாகத்தான் நீட்டினார் அந்த அப்பா.

வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் எங்கள் அலுவலகத்துக்குத் தலைவலி. சில நாடுகளில் இருபதுக்குப் போடுவார்கள், சிலவற்றில் எழுத்தில் போடுவார்கள். அவற்றையெல்லாம் தனியாக ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்ப வேண்டும். மிஸஸ் டாட்ஸன் தாளைப் புரட்டினார்.

"நூற்றுக்கா?"

"ஆமாம், நூற்றுக்கு."

"நல்லதாயிற்று. நம்முடையதும் நூற்றுக்குத்தான். யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஓராண்டு மதிப்பெண்ணை இரண்டு அரையாண்டுக்கும் போட்டுவிடு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வரி தமிழ். 68 என்று அடிப்பதற்கு முன் என் விரல் நின்றது. அங்கே தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். இங்கே எழுபது வேண்டும். தமிழில் அறுபத்தெட்டு வாங்க எவ்வளவு எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானே ஐம்பத்தொன்றுதான் வாங்கினேன். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மிஸஸ் டாட்ஸன் பத்தடி தூரத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேசை லிண்டா அதற்கு முந்தின வாரம்தான் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள்: "உங்கள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்களே, இனி எல்லோருக்கும் ஏ போடுவாய்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது முள்ளாக உள்ளே இருந்தது. ஊர்க்காரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்களோ, இரும்பு அறைக் கதவு மறுபடி சாத்தப்படுமோ என்று பயந்தேன். தாளில் இருப்பதை எழுது. சிக்ஸ், எய்ட். அடித்துவிட்டேன்.

சரிபார்ப்புக்கு மிஸஸ் டாட்ஸன் எழுந்து நின்று ஸ்கேலை வைத்தார். ஐந்து பாடம், இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு இரண்டு அரையாண்டு என்று இருபது பதிவுகளையும் படித்தோம். இருபது பச்சைப் புள்ளிகள். ஓர் எண்ணும் தவறவில்லை.

பள்ளி திறந்து மூன்றாம் வாரம் கோகிலா என் ஜன்னலுக்கு வந்தாள். கையில், பிள்ளைகளின் பாடத் தேர்வைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர் கொடுத்த தாள்.

"ஏனுங்க ஆன்ட்டி, நான் தமிழ்ல ஃபெயிலுங்களா?"

முதலில் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஏதோ வேடிக்கையான தப்பு, ஆன்ட்டி சரி செய்துவிடுவார் என்ற சிரிப்பு அது. மொழிப்பாடம் முடிக்காதவள் என்று கணக்காகி, ஸ்பானிஷ் முதல் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவளை உட்கார வைத்திருந்தார்கள். லிண்டா எட்டிப் பார்த்து, "சொந்த பாஷையிலேயா தோற்றாள்?" என்று கேட்டாள். கோகிலாவுக்கு அந்த ஆங்கிலம் புரிந்தது. சிரிப்பு நின்றது.

"இங்க சிஸ்டம் அப்படிம்மா. பழைய மார்க்கெல்லாம் பெருசில்ல. இனி நல்லாப் பண்ணு, மேல வந்துடும்" என்றேன்.

"சரிங்க ஆன்ட்டி."

அவள் என்னை நம்பிப் போனாள். அன்றும் மிஸஸ் டாட்ஸன் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். அடிக்கும்போதே சொல்லியிருந்தால் அது வெறும் சந்தேகம். இன்று சொன்னால், 'அன்றே ஏன் சொல்லவில்லை' என்பார். ஒவ்வொரு நாள் தள்ளிப்போடும்போதும் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியது. அதனால் இன்னொரு நாள் தள்ளிப்போட்டேன்.

கோகிலா நல்லாத்தான் பண்ணினாள். அந்த ஆண்டு ஏழு பாடம், இரண்டு அரையாண்டு, பதினாலு பதிவு. கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் ஹானர்ஸ், இரண்டாம் அரையாண்டில் வரலாறும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவள் வரி வரும்போது இலக்கங்களை அவசரமாகச் சொல்லி முடிப்பேன். எண்கள் ஏறிக்கொண்டே போயின. மேலே அந்த இருபது எண்களும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன.

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் பன்னிரண்டாம் வகுப்பின் ரேங்க் பட்டியல் தயாரானது. அப்போது மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருந்தது. தன் பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முழுவதிலும் நானூற்று நான்கு பேர். பத்து விழுக்காடு என்றால் நாற்பது பேர். நாற்பத்தொன்றாவது பிள்ளை மற்ற எல்லோரோடும் சேர்ந்து மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

என் மகள் நித்யாவும் அதே வகுப்பு. அவள் ரேங்க் நாற்பது.

தாளைப் பார்த்ததும் வீட்டில் துள்ளினாள். "அம்மா, ஐ ஆம் த லாஸ்ட் ஒன் இன்! ஜஸ்ட் மேட் இட்!" பிறகு ஃப்ரிஜ்ஜைத் திறந்துகொண்டே, "புவர் ஃபார்ட்டி ஒன்! யாரோ, பாவம்" என்றாள். 'பாவம்' மட்டும் தமிழில் வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

கோகிலாவின் ரேங்க் இருநூற்றுப் பன்னிரண்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சண்முகம் வந்தார். மிஸஸ் டாட்ஸன் சாப்பிடப் போயிருந்தார். லிண்டாவும் இல்லை. அவர் கோபமாக வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த லேமினேட் தாளை எடுத்து ஜன்னல் பலகையில் வைத்தார்.

"நானும் ஒரு வாரமா யோசிச்சுப் பாக்கறனுங்க. புள்ளை இங்க எல்லாத்துலயும் தொண்ணூறுக்கு மேல வாங்குது. ரேங்க் எரநூத்துச் சொச்சம்னு வருது. அப்பறம் கவுன்சிலரம்மா காயிதத்தைக் காட்டுனாங்க. நம்மூரு மார்க்கை அப்படியே தூக்கிப் போட்டிருக்காங்க. தமிழு ஃபெயிலாம். இங்கிலீசுக்கு ரெண்டு புள்ளியாம்."

நான் அந்தத் தாளைப் பலகையில் நேராக்கி வைத்தேன்.

"நான் அவங்களக் குத்தம் சொல்லமாட்டனுங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க நம்மூரு பள்ளிக்கோடத்துல படிச்சவங்கதானுங்களே? முப்பத்தஞ்சு பாஸுனு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அந்தக் கேள்விக்குள் குற்றச்சாட்டு இருக்கிறதா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாக்கறேங்க" என்றேன்.

"பாருங்கம்மா. அடுத்த வெள்ளி காலேஜுக்கெல்லாம் லிஸ்ட் அனுப்பிருவாங்களாம். அதுக்குள்ள ஏதாச்சும் பண்ண முடிஞ்சாப் போதும். புள்ளை சரியாச் சோறு உங்கறதில்லீங்க."

அவர் போனதும் கணக்குப் பொறியை இழுத்து வைத்தேன். காகிதச் சுருளில் அச்சாகும் பழைய பொறி அது. கோகிலாவின் முப்பத்து நான்கு பதிவுக்கும் மொத்தப் புள்ளி நூற்று மூன்று. வகுத்தால் மூன்று புள்ளி பூஜ்யம் மூன்று. ஊரிலிருந்து வந்த இருபதை எடுத்துவிட்டு இங்கே படித்த பதினாலை மட்டும் கூட்டினேன். அறுபத்து மூன்று. வகுத்தால் நாலரை.

நாலரையைப் பட்டியலில் தேடினேன். அவள் பத்தொன்பதாவது இடத்துக்கு வருவாள்.

அப்படியென்றால் இப்போது பத்தொன்பதில் இருக்கும் பிள்ளை இருபது. இருபது இருபத்தொன்று ஆகும். விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தேன். வர வர விரல் கனத்தது. நாற்பதாவது பெயருக்குப் பக்கத்தில் என்ன எண் வரும் என்று தெரிந்தும், அந்தப் பெயர்வரை வந்து சேரும்வரை எனக்குத் தெரியாத மாதிரியே இருந்தது.

காகிதச் சுருளைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஆறு நாள். வெள்ளி இரவு, சனி, ஞாயிறு வீட்டில். திங்கள், செவ்வாய், புதன் அலுவலகத்தில். நான் யோசித்தவற்றையெல்லாம் எழுத முடியாது, சிலதைச் சொல்கிறேன். அந்த இருபது எண்களும் என் தப்பில்லை, மிஸஸ் டாட்ஸன்தான் போடச் சொன்னார் என்று யோசித்தேன். கோகிலா கெட்டிக்காரி, எப்படியும் மேலே வந்துவிடுவாள் என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போன பிறகு திங்கட்கிழமை சொல்லிவிடலாம், அப்போது யாருக்கும் எதுவும் குறையாது என்றுகூட யோசித்தேன். கோகிலாவுக்குக் குறையும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவேயில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், இத்தனையும் யோசிப்பது நான்தான் என்று தெரிந்ததால் வந்தது. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் 'பேசாமல் இரு' என்பாரோ, 'உடனே சொல்' என்பாரோ, இரண்டுக்கும் பயம்.

புதன்கிழமை நித்யா பல்கலைக்கழக விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். கிளாஸ் ரேங்க் என்ற கட்டத்தில் நாலும் பூஜ்யமும் போட்டாள். பேனாவால், அழுத்தி.

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு மிஸஸ் டாட்ஸன் காபியோடு வந்தார். லிண்டா வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நான் எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"ஒரு தாள் எனக்குப் புரியவில்லை" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

கோகிலாவின் கோப்பை அவர் முன் பிரித்து வைத்தேன். அவர் எழுந்து நின்று கண்ணாடியை மாட்டினார்.

"எங்கள் ஊரில் தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. எழுபது இல்லை. அறுபது வாங்கினாலே முதல் வகுப்பு."

அவர் ஸ்கேலை எடுத்து நகலில் தமிழ் வரிக்குக் கீழே வைத்தார். பிறகு ஸ்கேலின் நுனியால் 68க்குப் பக்கத்தில் தட்டினார். அங்கே சிறியதாக P என்று ஓர் எழுத்து இருந்தது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் இருந்தது.

"இது என்ன?"

"பாஸ்."

"தாளில் இருப்பதை எழுது என்றுதானே சொன்னேன்? இதுவும் தாளில்தானே இருக்கிறது?"

நான் அந்த ஐந்து P-யையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"நானும்தான் பச்சைப் புள்ளி வைத்தேன்" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். பிறகு, மெதுவாக: "ஹனி, உனக்கு இது எப்போது தெரியும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் பதினாலு மாதம் பயந்திருந்தேன். "அடிக்கும்போதே தெரியும்" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ரேங்க் எப்படி மாறும் என்று பார்த்தாயா?"

கைப்பையிலிருந்து அந்தச் சுருளை எடுத்துக் கொடுத்தேன். கசங்கியிருந்தது. அவர் அதைத் தடவி நேராக்கிப் படித்தார். பட்டியலை எடுத்தார். பத்தொன்பதில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். நாற்பதில் ஸ்கேல் நின்றது. நித்யாவின் பெயரை அவருக்குத் தெரியும். சிறு பிள்ளையாக இருந்தபோது கோடை விடுமுறையில் இந்த அலுவலகத்தில் உட்கார்ந்து படம் வரைந்தவள்.

"இந்த நிமிடத்திலிருந்து நீ இந்தப் பட்டியலைத் தொடக்கூடாது. அந்தப் பெண்ணின் கோப்பையும் தொடக்கூடாது" என்றார். "இது உன் நல்லதுக்கும்தான்."

லிண்டா வந்ததும் அவளிடம் கோப்பைக் கொடுத்தார். உதவி முதல்வரை வரவழைத்தார். மூவரும் உள்ளே பேசினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. உதவி முதல்வர் இரண்டு முறை திரும்பி என்னைப் பார்த்தார். பதினோரு மணிக்கு முடிவானது: இருபது பதிவுக்கும் எண்ணை எடுத்துவிட்டு P என்று போடுவது. பாடம் முடித்ததாக ஆகும், சராசரியில் சேராது. மிஸஸ் டாட்ஸன் நின்றுகொண்டு படிக்க, லிண்டா இருபது முறை 'P' என்று திருப்பிச் சொன்னாள். எனக்கு முதுகுப்புறம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

என் வேலை போகவில்லை. என் கோப்பில் ஒரு குறிப்பு எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்த ஆண்டு முழுதும் வருகைச் சீட்டுகளை அடுக்கும் வேலைதான். அதன்பிறகு வெளிநாட்டுத் தாள் எது வந்தாலும் மிஸஸ் டாட்ஸன் ஓய்வுபெறும்வரை முதலில் ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்கே தேர்ச்சிக்கு எத்தனை?"

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் மார்க் ஷீட்டோடு, அங்கே தேர்ச்சிக்கு எத்தனை, முதல் வகுப்புக்கு எத்தனை என்று பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கி வாருங்கள். சேர்க்கும் அன்றே, இந்த எண்கள் சராசரியில் சேருமா என்று கேளுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தமிழ் ஆன்ட்டி இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியல் போனது. சாயங்காலம் மூன்று மணிக்குச் சண்முகம் ஒரு மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். அலுவலகத்தில் எல்லோரும் இருந்தார்கள். அவர் தமிழிலேயே சத்தமாகப் பேசினார்.

"கவுன்சிலரம்மா சொன்னாங்க, நீங்கதான் போயிப் பேசினீங்கன்னு. நம்ம மனுசங்க ஒருத்தர் இருந்ததாலதானுங்க ஆச்சு. கோகிலா நேத்து ராத்திரி ரெண்டு தோசை கூட வாங்கித் தின்னுச்சுங்க. உங்களை மறக்கமாட்டோம்."

"என்ன சொல்கிறார்?" என்று லிண்டா கேட்டாள்.

"தேங்க்ஸ் சொல்கிறார்" என்றேன். மிஸஸ் டாட்ஸன் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் பயம்.

வீட்டில் மேசைமேல் வைத்தேன். நித்யா வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "யார் குடுத்தா? என்ன விசேஷம்?" என்றாள். அப்போதுதான் சொன்னேன். ஒரு பெண்ணின் மதிப்பெண்ணைத் தப்பாகப் போட்டிருந்தது, சரிசெய்தார்கள், அவள் பத்தொன்பது, அதனால் நீ நாற்பத்தொன்று. நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அவள் கையில் இருந்த பாதித் துண்டைப் பார்த்தாள். அதை டப்பாவின் மூடிமேல் வைத்தாள்.

"லிஸ்ட் இன்னைக்குத்தானே போச்சு? நீ மண்டே சொல்லியிருக்கலாமே அம்மா. ஜஸ்ட் ஒன் வீக்கெண்ட்."

அழவில்லை, கத்தவில்லை. நான் ஆறு நாள் எனக்குள் போட்டுப் பார்த்த அதே கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டாள்.

"அது அந்தப் பொண்ணுக்கு நியாயமில்லடா."

"ஐ நோ. ஐ நோ இட்ஸ் நாட்."

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறியவள் பாதியில் நின்று திரும்பினாள்.

"எப்போ கண்டுபிடிச்ச நீ?"

"நேத்துதான்" என்றேன்.

தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அவள் விரும்பிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். நித்யா விரும்பிய அந்தப் பல்கலைக்கழகத்தில் கோகிலாவுக்கு இடம் கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். 'அம்மா எனக்காகக்கூட ஒரு நாளும் பொய் சொல்லாதவள்' என்று நித்யா அவள் தோழிகளிடம் பெருமையாகச் சொல்கிறாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. இந்த மலரைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.